வாரண்ட் இல்லாம கைது பண்ண முடியுமா? தம்பியை ஸ்டேஷனுக்கு வரச் சொல்றாங்க, போலாமா வேண்டாமா

பவானிக்கரையான்

அண்ணாக்களே, கொஞ்சம் அவசரமுங்க. தம்பி ஃபோன் சர்வீஸ் கடை வெச்சிருக்கான். தீபாவளிக்கு முன்னால ஒரு பையன் பழைய ஃபோன் ஒண்ணு கொண்டாந்து வித்துட்டுப் போனான். இவன் டிஸ்ப்ளே மாத்தி இன்னொருத்தருக்குக் குடுத்துட்டான். இப்ப என்னன்னா அது திருட்டு ஃபோனாம். ஐ.எம்.இ.ஐ. நம்பரை வெச்சு வாங்குனவரைப் புடிச்சிருக்காங்க, அவர் இவன் கடையைக் கை காட்டிட்டாரு. நேத்து சாயந்திரம் ஏட்டு ஒருத்தர் ஃபோன் பண்ணி, "நாளான்னிக்குக் காலையில பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துரு, உங்கப்பனையும் கூட்டிட்டு வா"ன்னுட்டாரு. அப்பாவுக்கு 63 வயசு, கடை லைசென்ஸ் அவர் பேர்ல இருக்குது. எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா, வெறும் சி.எஸ்.ஆரான்னு (புகார் ரசீது) கேட்டா பதில் இல்லை.

பக்கத்துக் கடைக்காரர், போனா உள்ள வெச்சுருவாங்க, நாலு நாள் வெளியூர் போயிருன்னு சொல்றாரு. எங்க மாமா என்னடான்னா, வாரண்ட் எங்கன்னு கேளு, இல்லைன்னா மேல கை வைக்க முடியாதுங்கறாரு. எதுங்க சரி?

தெருவிளக்கு

மாமா சொல்றதுதான் சரி. வாரண்ட் இல்லாம கைது பண்றது சட்டவிரோதம். தைரியமா கேளுங்க, ஆடிப் போயிருவாங்க.

பழைய லத்தி

தெருவிளக்கு தம்பி, சினிமாவைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க. இப்படிச் சொல்லிக் குடுத்துத்தான் பசங்க ஸ்டேஷன்ல வாங்கிக் கட்டிக்கிறாங்க.

நான் எஸ்.எஸ்.ஐ.யா ரிட்டயர் ஆனவன். சர்வீஸ்ல பார்த்த கைதுகள்ல பெரும்பங்கு வாரண்ட் இல்லாமத்தான். வாரண்டுங்கறது பெரும்பாலும் கோர்ட்டு வாய்தாவுக்கு வராம டிமிக்கி குடுக்கிறவனுக்குப் பிறக்கிறது. குற்றத்தை ரெண்டா பிரிச்சிருக்காங்க. பிடியாணை (அதான் வாரண்ட்) வேண்டாக் குற்றம் ஒண்ணு: கொலை, கொள்ளை, திருட்டு, திருட்டுப் பொருள் வாங்கறது இதெல்லாம். இதுக்கு நாங்களே எடுக்கலாம். இன்னொண்ணு அவதூறு, சாதாரண அடிதடி மாதிரி. இதுக்கு மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வேணும். ஆனா அதுலயும் ஒருத்தன் எங்க முன்னாலயே தப்பு பண்ணிட்டு, பேரு விலாசம் சொல்ல மாட்டேன்னு அடம் பிடிச்சா, பேரு தெரியற வரைக்கும் பிடிச்சு வைக்கலாம்.

வாரண்ட் இல்லாம எடுக்கிற இடங்கள் இன்னும் இருக்கு. கண்ணு முன்னால குற்றம் நடந்தா, தேடப்படும் குற்றவாளின்னு அறிவிச்சிருந்தா, சந்தேகப்படற மாதிரி திருட்டுப் பொருள் கையில இருந்தா, டூட்டியில இருக்கிற போலீஸைத் தடுத்தா, காவல்ல இருந்து தப்பிச்சா, ராணுவத்துல இருந்து ஓடி வந்திருந்தா. முன்னே சி.ஆர்.பி.சி.ங்கற பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 41-வது பிரிவு. 2024 ஜூலை 1-ல இருந்து அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ்.ல 35.

பவானிக்கரை, வெளியூர் போறது மகா தப்பு. ஓடினான்னு எழுதிக்கிட்டா அதுவே கைதுக்குக் காரணம் ஆயிரும்.

கறுப்பு அங்கி

லத்தி ஐயா சொன்னதில் பாதி சட்டம். மீதிப் பாதியை வசதியாக விட்டுவிட்டார் 🙂 நான் மதுரையில் கிரிமினல் பிராக்டீஸ் செய்கிறேன்.

பிடியாணை வேண்டாக் குற்றம் என்பதாலேயே கைது செய்துவிட முடியாது. 35-ல் முக்கியமான கோடு ஏழு ஆண்டு. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றத்தில், இவர் செய்திருப்பார் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டும் போதாது. கைது தேவை என்பதற்கும் காரணம் வேண்டும்: மறுபடி குற்றம் செய்வார், சாட்சியத்தை அழிப்பார், சாட்சியை மிரட்டுவார், சரியாக விசாரிக்க முடியாது, கோர்ட்டுக்கு வரமாட்டார் என்று ஏதாவது ஒன்று. அதை எழுத்தில் பதிய வேண்டும். கைது செய்யவில்லை என்றால் ஏன் செய்யவில்லை என்பதையும் எழுத வேண்டும். கைது தேவையில்லாத வழக்கில் 35(3) நோட்டீஸ் கொடுத்து வரவழைக்க வேண்டும். பழைய 41ஏ நோட்டீஸ்தான் இது. நோட்டீஸுக்கு ஒழுங்காக வந்து போகிறவரைக் கைது செய்ய வேண்டுமானால் அதற்கும் தனியாகக் காரணம் எழுத வேண்டும்.

2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னது. வழக்கு வரதட்சணைக் கொடுமை பற்றியது என்றாலும் ஏழாண்டு வரையுள்ள எல்லாக் குற்றத்துக்கும் பொருந்தும். மீறும் போலீஸ் மீது துறை நடவடிக்கையும் நீதிமன்ற அவமதிப்பும் வரும். யோசிக்காமல் ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்ட்ரேட்டுக்கும் நடவடிக்கை உண்டு. அதற்கும் இருபது ஆண்டு முன்பே, 1994-ல் ஜோகிந்தர் குமார் வழக்கில், கைது செய்ய அதிகாரம் இருப்பது வேறு, அதைப் பயன்படுத்த நியாயம் இருப்பது வேறு என்று சொல்லியாயிற்று.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருவோம். திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்கினால் பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 317(2). மூன்றாண்டு வரை. அதாவது நோட்டீஸ் வழக்கு. ஆனால் கவனம், அதே 317-ல் நாலாவது உட்பிரிவு உண்டு. திருட்டுப் பொருள் வாங்கி விற்பதையே வழக்கமாகக் கொண்டவருக்குப் பத்தாண்டு அல்லது ஆயுள். அந்தப் பிரிவை ஏற்றிவிட்டால் ஏழாண்டுக் கோட்டைத் தாண்டிவிடும். நம்பகமான தகவலும் நம்பக் காரணமும் இருந்தாலே எடுத்துவிடலாம். ஒரே ஒரு ஃபோனை வைத்து 317(4) போட்டிருந்தால் அதைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

விற்ற பையனின் ஆதார் ஜெராக்ஸ், கைப்பட எழுதிய ரசீது ஏதாவது இருக்கிறதா?

பவானிக்கரையான்

ரசீது இருக்குதுங்க, ஆதார் ஃபோட்டோ தம்பி ஃபோன்ல இருக்குது. பாக்ஸ் கேட்டிருக்கான், தொலைஞ்சு போச்சுன்னானாம்.

அப்பாவை எதுக்குங்க கூப்பிடறாங்க?

நெல்லைச் சீமை

அப்பாவைக் கூப்பிடவே முடியாதுல்லா. 60 வயசுக்கு மேல உள்ளவங்களை டி.எஸ்.பி. பெர்மிஷன் இல்லாம கைது பண்ணக் கூடாதுன்னு புதுச் சட்டத்துல வந்திருக்கு.

கறுப்பு அங்கி

முழுசாகப் படிக்க வேண்டும் நெல்லை. 35(7) சொல்வது மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம். 317(2) மூன்றாண்டு *வரை*. நூலிழையில் வெளியே போய்விடுகிறது. அதை நம்பி அப்பாவை அனுப்ப வேண்டாம்.

ஆனால் அப்பாவுக்கு வேறு வழி இருக்கிறது. அவரைச் சாட்சியாக விசாரிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்றால் 179-வது பிரிவு. அறுபது வயதைத் தாண்டியவரை வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது. அவராக வர விரும்பினால் வரலாம். பெண்களுக்கும் பதினைந்து வயதுக்குட்பட்ட பையன்களுக்கும் இதே பாதுகாப்பு. மேலும் 179-ன்படி அழைப்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஃபோனில் "வாடா" என்பது அழைப்பாணை ஆகாது.

மேலவீதி

எல்லாம் நல்லாத்தான் இருக்கு வக்கீல் சார். பிரிவு 35, பிரிவு 179. ஆனா நம்ம ஊர்ல யாரை சார் முதல்ல "கைது" பண்றாங்க? "சும்மா விசாரணைக்கு வா"ன்னுதானே கூட்டிட்டுப் போறாங்க. அந்த "விசாரணை"க்கு எந்தப் பிரிவு? சாத்தான்குளத்துல 2020 ஜூன்ல ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்து வெச்சிருந்தாங்கன்னு கூட்டிட்டுப் போன அப்பாவும் மகனும் உயிரோட திரும்பலை. 2025 ஜூன்ல மடப்புரம் கோயில் காவலாளி, திருப்புவனம். நகை காணோம்னு புகார். விசாரணைக்குன்னுதான் கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டுமே கடைசியில சி.பி.ஐ.க்குப் போச்சு.

வாரண்ட் இருந்ததா இல்லையாங்கறது பிரச்சினையே இல்லை. கைதுன்னு எழுதினா மெமோ, சாட்சி, டாக்டர், மாஜிஸ்ட்ரேட்னு கணக்கு ஆரம்பிச்சுரும். எழுதாம இருக்கிற வரைக்கும் அந்த ஆள் எங்கயுமே இல்லை. அந்த எழுதாத நேரத்துலதான் எல்லாம் நடக்குது.

பழைய லத்தி

ரெண்டு சம்பவத்துக்கும் நான் வக்காலத்து வாங்கலை. அது கொலை, வேற பேரு கிடையாது.

ஆனா கீழ இருக்கிறவன் நிலைமையையும் சொல்றேன். மாசாமாசம் கிரைம் மீட்டிங். எத்தனை டிடெக்‌ஷன், எத்தனை ரெக்கவரின்னு டி.எஸ்.பி. நிக்க வெச்சுக் கேப்பாரு. "நோட்டீஸ் குடுத்திருக்கேன் ஐயா, வருவான்"னு சொன்னா அங்க யாரும் கைதட்ட மாட்டாங்க. புகார்தாரர் ஒரு பக்கம், ஏன் இன்னும் பிடிக்கலைன்னு. முதல்ல ஆளை உக்கார வெச்சு விசாரிச்சு, பொருளைக் கண்ணுல பாத்துட்டு அப்புறம் மெமோ எழுதறதுங்கறது ஸ்டேஷன்ல தலைமுறை தலைமுறையா வந்த பழக்கம். தப்புன்னு தெரியும்.

மேலவீதி

தெரிஞ்சே செய்யற பழக்கம். அதைத்தான் ஐயா நானும் சொல்றேன்.

கறுப்பு அங்கி

மேலவீதி கைவைத்திருப்பது சரியான இடத்தில். சட்டம் அங்கே ஊமையாக இல்லை, அதை மட்டும் சேர்க்கிறேன். கைதானவரை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு, பி.என்.எஸ்.எஸ். 58. அந்தக் கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது? மெமோவில் போட்ட நேரத்திலிருந்து அல்ல. ஒருவரின் நடமாட்டம் எப்போது தடுக்கப்பட்டதோ அப்போதிருந்து. பம்பாய் உயர் நீதிமன்றம் 1990-லேயே இதைச் சொன்னது. எழுந்து வெளியே போக முடியாதபடி பெஞ்சில் உட்கார வைத்தாலே அது கைதுதான், என்ன பெயர் வைத்தாலும்.

சி.எஸ்.ஆர். என்பது புகார் பெற்றதற்கான ரசீது. அதை வைத்து ஒருவரை இரவு முழுக்க உட்கார வைக்க எந்த அதிகாரமும் கிடையாது.

நடைமுறையில் கேட்டால், தம்பி உள்ளே போன நேரத்துக்கு வெளியே ஒரு தடம் இருக்க வேண்டும். போகும் முன் வக்கீல் மூலமாகவோ நீங்களாகவோ எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல்: இன்னார் அழைத்தார், இன்ன நேரத்துக்கு ஆஜராகிறார் என்று. ஸ்டேஷன் சி.சி.டி.வி. பதிவைப் பாதுகாக்கும்படி அதிலேயே ஒரு வரி. எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பர் உச்ச நீதிமன்ற உத்தரவு.

பழைய லத்தி

முன்னெல்லாம் தந்தி அடிப்பாங்க. ஒருத்தனைத் தூக்கிட்டு வந்தா ஒரு மணி நேரத்துல அவன் பொண்டாட்டி எஸ்.பி.க்கும் ஐகோர்ட்டுக்கும் தந்தி குடுத்திருக்கும். அந்த ரசீதுல இருக்கிற நேர முத்திரைக்கு நாங்க பயப்பட்ட மாதிரி எதுக்கும் பயப்பட்டதில்லை. 2013-ல தந்தியை நிறுத்தினப்ப எங்க ஸ்டேஷன்ல ஒருத்தர் ஸ்வீட் வாங்கிக் குடுத்தாரு, நிஜமா.

செங்காந்தள்

குறுக்கே வர்றேன், மன்னிக்கவும். பெண்களை ராத்திரி கைது பண்ணக் கூடாதுங்கறது இன்னும் இருக்கா? மாறிடுச்சுன்னு எங்கேயோ படிச்சேன்.

கறுப்பு அங்கி

பிரிவு 43(5) அப்படியே இருக்கிறது. சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் கூடாது. தவிர்க்க முடியாத சூழ்நிலை என்றால் பெண் அதிகாரி எழுத்தில் அறிக்கை கொடுத்து முதல் வகுப்பு மாஜிஸ்ட்ரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். நீங்கள் படித்தது மதுரைக் கிளையின் 2025 பிப்ரவரி தீர்ப்பாக இருக்கும். அந்த விதி வழிகாட்டும் தன்மையது, மீறியதாலேயே கைது செல்லாமல் போய்விடாது என்றது. அதற்காக மீறியவர் தப்பிவிட்டார் என்று பொருள் இல்லை, ஏன் மீறினேன் என்று அவர் விளக்கம் சொல்ல வேண்டும். எனக்குத் தனிப்பட்ட முறையில் அந்தத் தீர்ப்பு உவப்பில்லை. அனுமதி வாங்காமல் செய்தாலும் செல்லும் என்றால் ராத்திரி பதினோரு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் வீட்டுக் கதவை யார் தட்டப் போகிறார்கள்?

தெருவிளக்கு

சரி, என் கருத்தை மாத்திக்கிறேன் 😅 அப்ப ஆர்ப்பாட்டத்துல கைது பண்ணி கல்யாண மண்டபத்துல வெச்சு சாயந்திரம் விடறாங்களே, அது என்ன கணக்கு? மதியம் சாம்பார் சாதம் வேற.

பழைய லத்தி

அது முன்னெச்சரிக்கைக் கைது. பி.என்.எஸ்.எஸ். 170, பழைய 151. பிடியாணை வேண்டாக் குற்றம் பண்ணத் திட்டம் போடறாங்கன்னு தெரிஞ்சு, வேற வழியில தடுக்க முடியாதுன்னா எடுக்கலாம். 24 மணி நேரத்துக்கு மேல கூடாது. சாப்பாட்டுச் செலவு யாரு தலையில விழும்னு கேக்காதீங்க.

பனங்கூடல்

யாழ்ப்பாணத்திலிருந்து. வாசிச்சுக்கொண்டு வந்தன், ஒண்டு சொல்ல வேணும் போல இருந்தது. எங்கட பக்கமும் இதே வெள்ளைக்காரன் வைச்ச அத்திவாரம்தான். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 32ஆம் பிரிவு. அதில அதிகாரம் "சமாதான உத்தியோகத்தருக்கு". பொலிஸ் மட்டுமில்லை, பொலிஸ் கடமைக்கெண்டு எழுத்தில நியமிக்கப்பட்ட கிராம சேவையாளரும் அதுக்குள்ள வருவார். முன்னிலையில சமாதானக் குலைவு செய்யிறவர், நியாயமான முறைப்பாடோ நம்பத்தகுந்த தகவலோ நியாயமான சந்தேகமோ உள்ளவர், வீடு உடைக்கிற ஆயுதத்தோட காரணமில்லாமல் நிக்கிறவர், குற்றம் செய்யிற எண்ணத்தில ஒளிச்சு நிக்கிறவர் எண்டு பட்டியல் போகும். உங்கட ஏழு வருசக் கோடு மாதிரி ஒண்டு அதில இல்லை. 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவானிட்டக் கொண்டு போக வேணும்.

ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தால் கணக்கு வேற. 72 மணித்தியாலம், பிறகு அமைச்சர் ஒப்பமிட்ட தடுப்புக் கட்டளை மூண்டு மூண்டு மாதமாய். முந்தி 18 மாதம் வரைக்கும் போகும், 2022 திருத்தத்துக்குப் பிறகு 12. எங்கட சனத்துக்கு "கைது" எண்டால் நினைவுக்கு வாறது 32ஆம் பிரிவு இல்லை, அந்தச் சட்டம்தான்.

அரசியலமைப்பு 13(1)இன்படி, காரணம் சொல்லாமல் கைது செய்யக் கூடாது. மீறினால் ஒரு மாதத்துக்குள்ள நேரடியாய் உயர் நீதிமன்றத்தில, அதுதான் எங்கட நாட்டின்ர அதியுயர் மன்றம், அடிப்படை உரிமை மனு போடலாம். 2020இல முகநூல் பதிவுக்காகப் பிடிபட்டு ஐஞ்சு மாதத்துக்கு மேல உள்ளுக்கு இருந்த ரம்ஸி ராசிக்குக்கு 2023 நவம்பரில பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு குடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அங்க அப்பிடி நேர இழப்பீடு கேக்கேலுமோ?

கறுப்பு அங்கி

கேட்கலாம். உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டுக் கேட்கலாம், மாநில மனித உரிமை ஆணையத்திலும் பரிந்துரை வாங்கலாம். நடைமுறைச் சட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்றால், பி.என்.எஸ்.எஸ். 399. போதிய காரணமில்லாமல் ஒருவரைக் கைது செய்ய வைத்த புகார்தாரர் மாஜிஸ்ட்ரேட் உத்தரவில் இழப்பீடு தர வேண்டும். உச்சவரம்பு ஆயிரம் ரூபாய். சட்டத்தையே புதிதாக எழுதினார்கள், அந்தத் தொகையை மட்டும் தொடவில்லை.

நெல்லைச் சீமை

ஆயிரம் ரூவாயா! ஸ்டேஷன் வாசல் டீக்கடைக் கணக்குக்கே காணாது.

எங்க ஊர்ல ஆடு திருடுனவனைக் கரண்ட் கம்பத்துல கட்டி வெச்சுட்டு போலீஸுக்குச் சொல்லுவாவ. அது சட்டமா?

பழைய லத்தி

பிடிக்கறது சட்டம், கட்டறது இல்லை. கண்ணு முன்னால ஜாமீன்ல விட முடியாத, பிடியாணை வேண்டாக் குற்றம் நடந்தா பொதுஜனமும் பிடிக்கலாம். பிரிவு 40. முன்னே "தாமதமில்லாம ஒப்படைக்கணும்"னு இருந்தது, இப்ப ஆறு மணி நேரம்னு கெடு வெச்சுட்டாங்க. கம்பத்துல கட்டி அடிச்சா அடிச்சவங்க பேர்லதான் எஃப்.ஐ.ஆர். எழுதுவோம். ரெண்டு ஊர்ல எழுதியும் இருக்கேன்.

பவானிக்கரையான்

போயிட்டு வந்தாச்சுங்க! வக்கீல் ஒருத்தரைக் கூட்டிட்டுத்தான் போனோம். முந்தின நாள் ராத்திரியே எஸ்.பி. ஆபீஸுக்கு மெயில் போட்டுட்டோம். அப்பாவைக் கூட்டிட்டுப் போகலை, கேட்டதுக்கு வக்கீல் 179 சொன்னாரு, எஸ்.ஐ. ஒண்ணும் பேசலை.

எஃப்.ஐ.ஆர். போட்டிருக்காங்க, 303(2) (திருட்டு), 317(2). வித்த பையன் முதல் குற்றவாளி. தம்பி பேரு எஃப்.ஐ.ஆர்.ல இல்லை. ரசீது, ஆதார் ஃபோட்டோ குடுத்தோம், ஜெராக்ஸுல வாங்கிட்டதுக்குக் கையெழுத்து கேட்டோம், கொஞ்சம் முனகிட்டுப் போட்டுக் குடுத்தாங்க. முதல்ல "ஃபோன் விலையைக் கட்டிட்டுப் போ, முடிச்சுக்கலாம்"னு ஏட்டு சொன்னாரு. வக்கீல் வேண்டாம்னுட்டாரு. மத்தியானம் ஒரு மணிக்கு வெளிய வந்துட்டோம். சாயந்திரம் 35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்ல பி.டி.எஃப். அனுப்பியிருக்காங்க, வர்ற திங்கக்கிழமை வரணுமாம். அதுக்குப் போகணுங்களா?

கறுப்பு அங்கி

நல்லது. விலையைக் கட்டாதது மிகச் சரி. கட்டியிருந்தால் தெரிந்துதான் வாங்கினேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி அதை எழுதிக்கொள்ள வழி இருந்தது.

வாட்ஸ்அப்பில் 35 நோட்டீஸ் செல்லாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சதேந்தர் குமார் அண்டில் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது, அதே ஆண்டு ஜூலையில் மாற்றக் கேட்டும் மாற்றவில்லை. ஆனால் அதைச் சாக்காக வைத்துப் போகாமல் இருக்காதீர்கள். திங்கட்கிழமை போய், காகிதத்தில் நோட்டீஸை நேரில் வாங்கிக்கொண்டு, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். ஒவ்வொரு முறையும் ஆஜரானதற்கு ஒரு ஒப்புதல். நோட்டீஸை மதித்து வருகிறார் என்பதுதான் தம்பிக்கு இருக்கும் கவசம்.

ஒருவேளை மனம் மாறிக் கைது என்றால், காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும், உடனே முடியாவிட்டால் ரிமாண்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பாவது தர வேண்டும் என்பது 2025 நவம்பர் தீர்ப்பு. மெமோவில் குடும்பத்தார் ஒருவரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், நேரத்தைப் பார்க்காமல் போட வேண்டாம். விசாரணையின் இடையில் வக்கீலைப் பார்க்கும் உரிமை 38-ல் இருக்கிறது. முழு நேரமும் பக்கத்தில் உட்கார வைக்க முடியாது.

மேலவீதி

மெயில் போட்டதும் வக்கீலோட போனதும்தான் ஒரு மணிக்கு வெளிய வரக் காரணம். இதே இடத்துல வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லாத ஒரு பெயிண்டர் பையன் போயிருந்தா?

கறுப்பு அங்கி

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு, எண் 15100. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்ட கட்டத்திலேயே கேட்கலாம், ரிமாண்ட் வரை காத்திருக்க வேண்டாம். கேட்டவுடன் பத்து மணிக்கு ஆள் வந்து நிற்பாரா என்றால், எல்லா மாவட்டத்திலும் அப்படி இல்லை.

பழைய லத்தி

பவானிக்கரை, தம்பிகிட்ட ஒண்ணு சொல்லுங்க. இனிமே பழைய ஃபோன் வாங்கறப்ப கே.ஒய்.எம்.னு ஆங்கிலத்துல அடிச்சு, இடம் விட்டு, ஐ.எம்.இ.ஐ. நம்பரைப் போட்டு 14422-க்கு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்க. பிளாக் ஆன ஃபோன்னா பதில்லயே தெரிஞ்சுரும். அந்தப் பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ரசீதோட வெச்சுக்கச் சொல்லுங்க.

பவானிக்கரையான்

சொல்லிட்டனுங்க ஐயா. இப்பத்தான் கடையில இருக்கிற மத்த ஃபோனை எல்லாம் ஒண்ணொண்ணா அடிச்சுப் பாத்துட்டு இருக்கான்.